கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் மர்ரே ஹாப்பர் (டிசம்பர் 9, 1906 – ஜனவரி 1, 1992) அமெரிக்கக் கணிதவியலாளரும் கணினி அறிவியல் முன்னோடியும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் ஆவார். ஹார்வர்டு மார்க் 1 கணினிக்கு முதன்முதலில் நிரல் எழுதியவர்களுள் ஒருவர். மனிதர் எழுதும் குறியீடுகளைக் கணினியே தனக்குரிய பொறிமொழி ஆணைகளாக மாற்றிக்கொள்ளச் செய்யும் தொகுப்பி (கம்பைலர்) என்னும் எண்ணத்தை நடைமுறைப்படுத்தியவர். கோபோல் நிரல்மொழியின் உருவாக்கத்தில் இவரது பங்கு பரவலாக அறியப்பட்டது. ஒரே மொழிக்கு வெவ்வேறு நிறுவனங்கள் உருவாக்கும் தொகுப்பிகள் அம்மொழியின் சீர்தரத்தைப் பின்பற்றுகின்றனவா என்று சோதிக்கும் முறையை ஏற்படுத்தியதிலும் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. இப்பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இளமையும் கல்வியும்

நியூயார்க் நகரில் மூன்று பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். இயற்பெயர் கிரேஸ் புரூஸ்டர் மர்ரே. தந்தையார் காப்பீட்டுத் துறையில் பணியாற்றியவர். ஏழு வயதில் வீட்டிலிருந்த அலாரக் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்று அறிய அதனைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியாமல் அடுத்தடுத்து ஏழு கடிகாரங்களைக் கழற்றிவிட்டார் என்று இவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று 1928 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930 இல் முதுகலைப் பட்டமும், 1934 இல் கணிதவியலாளர் ஓய்ஸ்டீன் ஓரே என்பவரின் வழிகாட்டலில் முனைவர் பட்டமும் பெற்றார். 1930 இல் வின்சென்ட் ஃபாஸ்டர் ஹாப்பரை மணந்தார். 1945 இல் மணமுறிவு ஏற்பட்ட பின்னரும் அப்பெயரையே வைத்துக்கொண்டார். 1931 முதல் வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்து 1941 இல் இணைப் பேராசிரியரானார்.

கடற்படையும் மார்க் 1 கணினியும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபின் ஹாப்பர் கடற்படையில் சேர விரும்பினார். வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தது. எடையும் குறைந்தபட்ச அளவுக்கு ஏறத்தாழ 7 கிலோகிராம் குறைவாக இருந்தது. விலக்குப் பெற்று 1943 இல் கடற்படையின் மகளிர் சேமப்படையில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம் பெற்று 1944 இல் துணை லெப்டினன்ட் நிலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கே ஹோவர்டு ஐக்கன் தலைமையில் மார்க் 1 இயங்கிக்கொண்டிருந்தது. 51 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட இவ்வியந்திரம் துளையிட்ட தாள்நாடாவிலிருந்து ஆணைகளைப் படிக்கும். ஒரு பெருக்கலுக்கு ஏறத்தாழ 6 நொடிகள் பிடிக்கும். இதற்கான 561 பக்கக் கையேட்டை எழுதும் பொறுப்பு ஹாப்பரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்கையேடு 1946 இல் வெளிவந்தது.

சைன், மடக்கை போன்ற சார்புகளைக் கணிக்கும் துணைநிரல்களை ஒவ்வொரு நிரலரும் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பர். தேவைப்படும்போது மற்றவர் குறிப்பேட்டிலிருந்து பார்த்து எழுதிக்கொள்வர். புதிய நிரலில் அத்துணைநிரல் வேறோர் இடத்தில் அமர்வதால் அதிலுள்ள முகவரிகள் ஒவ்வொன்றையும் கையாற் கூட்டி மாற்றவேண்டும். பார்த்து எழுதுவதிலும் கூட்டுவதிலும் பிழைகள் நேர்ந்துகொண்டே இருந்தன. தேர்ந்த கணிதவியலாளர்களே இதில் தவறியதை ஹாப்பர் கவனித்தார். படியெடுப்பதும் கூட்டுவதும் கணினி நன்கு செய்யக்கூடிய வேலைகள். அவற்றை மனிதன் செய்து கணினிக்குத் தருவது தலைகீழான ஏற்பாடு என்ற எண்ணம் இங்கேயே தோன்றியிருக்கவேண்டும்.

ஏ-0 தொகுப்பி

1949 இல் ஹாப்பர் பிலடெல்பியாவிலிருந்த எக்கர்ட்-மோக்லி கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். யூனிவாக் 1 கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த அந்நிறுவனத்தை 1950 இல் ரெமிங்டன் ராண்ட் வாங்கியது. 1951-52 இல் ஹாப்பர் உருவாக்கிய ஏ-0 என்னும் நிரல், காந்த நாடாவில் சேமித்து வைத்த துணைநிரல்களுக்கு எண்கள் கொடுத்தது. நிரலர் வேண்டிய எண்களையும் அவற்றுக்குரிய மதிப்புகளையும் வரிசையாக எழுதினால் போதும். ஏ-0 அவற்றை நாடாவிலிருந்து எடுத்து, முகவரிகளைத் திருத்தி, ஒன்றாகக் கோத்து இயங்கு நிரலாகத் தரும். 1952 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த கணிப்பொறிச் சங்கத்தின் கூட்டத்தில் இதனைக் கட்டுரையாக வாசித்தார்.

இன்றைய பொருளில் ஏ-0 ஒரு தொகுப்பி அன்று. இணைப்பி, ஏற்றி என்று வழங்கப்படும் நிரல்களுக்கே நெருக்கமானது. உயர்நிலை மொழியொன்றைப் பொறிமொழிக்கு மாற்றிய பணி என்று பார்த்தால் 1952 இல் இங்கிலாந்தில் அலிக் கிளெனி எழுதிய ஆட்டோகோடு, 1957 இல் ஜான் பேக்கசு குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரான் ஆகியவற்றையும் சேர்த்தே பேசவேண்டும். ஆயினும் பெயர் ஹாப்பர் வழியாகவே நிலைத்தது. தனித்தனியே கிடந்த பாடல்களைச் சேர்த்தவரைத் தொகுத்தோர் என்று எட்டுத்தொகை மரபு குறிப்பதை நினைத்தால், தமிழில் அமைந்த தொகுப்பி என்ற சொல் இன்றைய கம்பைலரைவிட ஏ-0 நிரலுக்கே மிகப் பொருந்துகிறது.

ஏ-0 ஐத் தொடர்ந்து ஏ-1, ஏ-2 ஆகியவை வந்தன. 1953 இல் ஏ-2 ஐ ஆணைமூலத்துடனேயே வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துத் திருத்தங்களையும் வரவேற்றனர். திறமூல மென்பொருள் என்ற சொல் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

ஃபுளோ-மேட்டிக்

கணிதவியலாளர் குறியீடுகளை விரும்பலாம். சம்பளப் பட்டியலும் சரக்கிருப்பும் பார்ப்போர் விரும்பமாட்டார்கள் என்பது ஹாப்பரின் கருத்து. எனவே ஆங்கிலச் சொற்களால் அமைந்த பி-0 என்னும் மொழியை வடிவமைத்தார். இது பின்னர் ஃபுளோ-மேட்டிக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நிர்வாகத்தினருக்குச் செயல்விளக்கம் காட்டும்போது அதே நிரலைப் பிரெஞ்சு, செருமன் சொற்களாலும் எழுதி இயக்கிக் காட்டினார். கணினியைப் பொறுத்தவரை ஆங்கிலச் சொல்லும் வெறும் துகள்வரிசைதானே. ஆனால் அமெரிக்கக் கணினி பிரெஞ்சும் செருமனும் அறிவதாவது என்று நிர்வாகம் திகைத்ததாகவும், ஆங்கிலம் மட்டுமே என்று உறுதியளித்த பின்னரே திட்டம் நகர்ந்ததாகவும் அவர் பின்னாளில் சொல்லிவந்தார். தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத உதவும் எழில் போன்ற மொழிகளை அறிந்தோர்க்கு இது சுவையான செய்தியாக இருக்கும்.

கோபோல்

1950களின் இறுதியில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினிக்குத் தனி வணிக மொழி வைத்திருந்தது. கணினியை மாற்றினால் நிரல்கள் அனைத்தையும் மீண்டும் எழுதவேண்டும். பாரோஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மேரி ஹாஸ் எழுப்பிய யோசனையின்பேரில் 1959 ஏப்ரலில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. மே 28, 29 ஆகிய நாட்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் பென்டகனில் பெரிய கூட்டம் கூடியது. இதிலிருந்து கோடாசில் என்ற அமைப்பு உருவாயிற்று. அதன் குறுகியகாலக் குழு அவ்வாண்டின் இறுதிக்குள் மொழியை வடிவமைத்தது. கோபோல்-60 வரையறை 1960 இல் வெளியிடப்பட்டது.

ஹாப்பர் இக்குழுவில் நேரடி உறுப்பினர் அல்லர், ஆலோசகராக இருந்தார். கோபோலின் தாய் என்று இவரை அழைக்கும் வழக்கத்தை, அக்குழுவில் பணியாற்றிய ஜீன் சாமெட் ஏற்கவில்லை. எனினும் அன்று உண்மையில் பயன்பாட்டில் இருந்த ஆங்கிலச் சொல் வணிக மொழி ஃபுளோ-மேட்டிக் ஒன்றே என்பதால், கோபோலின் வடிவில் அதன் சாயல் அழுத்தமாகப் பதிந்தது.

1960 டிசம்பர் 6, 7 ஆகிய நாட்களில் ஏறத்தாழ ஒரே கோபோல் நிரல் ஆர்.சி.ஏ. கணினியிலும் யூனிவாக் கணினியிலும் இயக்கிக் காட்டப்பட்டது. ஒரு மொழி இரு வேறு நிறுவனங்களின் இயந்திரங்களில் இயங்கும் என்பதற்கு இது சான்றாயிற்று. ஏறத்தாழ என்ற சொல்லில்தான் அடுத்த கால் நூற்றாண்டின் சிக்கல் அடங்கியிருந்தது.

ஒரு மொழி, பல தொகுப்பிகள்

கோபோல் நிரல் நான்கு பிரிவுகளைக் கொண்டது: அடையாளம், சூழல், தரவு, செயல்முறை. இயந்திரத்திற்கு இயந்திரம் மாறக்கூடியவற்றைச் சூழல் பிரிவில் ஒதுக்கிவிடுவது வடிவமைப்பாளர்களின் திட்டம். அப்பிரிவின் முதற்பகுதிக்கே கான்ஃபிகரேஷன், அதாவது அமைவடிவம், என்று பெயர். எந்தக் கணினியில் தொகுக்கப்படுகிறது, எந்தக் கணினியில் இயங்கும் என்பவை அங்கே எழுதப்படும். இன்று மென்பொருள் திட்டமொன்றின் கட்டமைப்புக் கோப்புகளில் எழுதுவதை 1960 இலேயே மொழிக்குள் வைத்துவிட்டனர் எனலாம். கணினியை மாற்றினால் இப்பிரிவை மட்டும் மாற்றி மறுபடி தொகுத்தால் போதும் என்பது எதிர்பார்ப்பு.

நடந்தது வேறு. கோபோல்-61 வரையறையில் கட்டாயக் கூறுகளும் விருப்பக் கூறுகளும் இருந்தன. விருப்பக் கூறுகளில் எவற்றைத் தருவது என்பது நிறுவனத்தின் முடிவு. ஒவ்வொரு நிறுவனமும் வரையறையில் இல்லாத புதிய கூறுகளையும் சேர்த்தது. அவற்றைப் பயன்படுத்திய வாடிக்கையாளர் வேறு நிறுவனக் கணினிக்கு எளிதில் போக இயலாது. விற்பவருக்கு இது வசதி, வாங்குபவருக்கு விலங்கு.

தெரிந்த வேறுபாடுகளைவிடத் தெரியாத வேறுபாடுகள் கொடியவை. பெயரும் எண்ணும் கலந்த குறியீடுகளை ஏறுவரிசைப்படுத்தும் நிரலை எடுத்துக்கொள்வோம். ஐ.பி.எம். கணினிகளின் எப்சிடிக் குறிமுறையில் எழுத்துகளுக்குப் பின் இலக்கங்கள் வரும். ஆஸ்கி குறிமுறையில் இலக்கங்கள் முதலில் வரும். ஒரே நிரல் இரண்டு கணினிகளிலும் பிழையின்றித் தொகுக்கப்படும், இயங்கவும் செய்யும். ஆனால் பட்டியலின் வரிசை மாறும். அந்த வரிசையை நம்பி ஒப்பிடும் அடுத்த நிரல் தவறான விடை தரும். 1974 சீர்தரத்தில் எழுத்து வரிசையைக் குறிப்பிடும் வசதி அமைவடிவப் பகுதியில் சேர்க்கப்பட்டது. இவ்வாறே, கணிப்புக்குரிய எண்களை நினைவகத்தில் எவ்வாறு வைப்பது என்பதும் தொகுப்பியை உருவாக்குவோரின் விருப்பத்திற்கு விடப்பட்டிருந்தது. ஒரு கணினி எழுதிய கோப்பை மற்றொன்று படிக்க முடியாமற்போனதற்கு இது ஒரு காரணம்.

1968 இல் அமெரிக்கத் தேசியச் சீர்தரமாகக் கோபோல் ஏற்கப்பட்டது. மொழியைக் கருப்பகுதியாகவும் பல கூறுகளாகவும் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் நிலைகள் வகுத்தனர். எல்லாக் கணினிகளாலும் முழு மொழியையும் தாங்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. விளைவாக, கோபோல் உண்டு என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் எந்தக் கூறு, எந்த நிலை என்றும் கேட்கவேண்டியதாயிற்று. தொகுப்பி உள்ளது என்பதும், தொகுப்பி சீர்தரத்தைத் தாங்குகிறது என்பதும் வெவ்வேறு செய்திகள். இன்று சி அல்லது சி++ நிரலைத் தொகுக்கும்போது எவ்வாண்டின் சீர்தரப்படி என்று குறிப்பிடாமல் விட்டு, ஒரு கணினியில் தொகுக்கப்பட்டது மற்றொன்றில் பிழை காட்டுவதைக் கண்டவர்களுக்கு இது புரியும். ஜிசிசி தொகுப்பி சி மொழிக்கு 1989 ஆம் ஆண்டின் சீர்தரத்தையே, தன் விரிவுகளுடன், 2015 வரை இயல்பிருப்பாகக் கொண்டிருந்தது.

மீண்டும் கடற்படை, சரிபார்ப்பு நிரல்கள்

ஹாப்பர் 1966 டிசம்பர் 31 அன்று சேமப்படையிலிருந்து கமாண்டர் நிலையில் ஓய்வு பெற்றார். ஏழே மாதங்களில், 1967 ஆகஸ்ட் 1 அன்று, கடற்படை அவரை மீண்டும் அழைத்தது. கடற்படையின் பல பிரிவுகளும் பல நிறுவனங்களின் கணினிகளை வைத்திருந்தன. அவற்றின் நிரல்மொழிகளைச் சீர்ப்படுத்துவது வேலை. ஆறு மாதங்களுக்கென்று வந்தவர் 1986 வரை பணியில் இருந்தார். 1967 முதல் 1977 வரை கடற்படையின் நிரல்மொழிக் குழுவின் இயக்குநராக இருந்தார். 1973 இல் கேப்டனாகப் பதவி உயர்வு பெற்றார்.

இக்குழு கோபோல் தொகுப்பிகளைச் சரிபார்க்கும் நிரல்தொகுதியை உருவாக்கியது. இதன் கருத்து எளியது. சரிபார்ப்பு நிரல்களும் கோபோலிலேயே எழுதப்பட்டவை. மொழியின் ஒவ்வொரு கூறையும் விடை தெரிந்த ஒரு கணக்கில் பயன்படுத்தும். கிடைத்த விடையை எதிர்பார்த்த விடையுடன் ஒப்பிட்டுத் தேறியது, தவறியது என்று அச்சிடும். தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளிப்புத் துறைகளில் வணிகர் முத்துகளைத் தரம்பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகளை வைத்திருந்தனர். முதற்சல்லடையில் 20 துளைகள், கடைசியில் 1000 துளைகள். விற்பவர் சொல்லும் அளவை யாரும் கேட்பதில்லை; எந்தச் சல்லடையில் நிற்கிறதோ அதுவே முத்தின் அளவு. தொகுப்பிகளுக்கு அப்படியொரு சல்லடை இதற்குமுன் இல்லை. விற்பவரின் விளம்பரமே அளவாக இருந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. சரிபார்க்கும் நிரலே ஒரு கணினியில் தொகுக்கப்பட்டால்தான் இயங்கும். கோப்புகளின் பெயரும் கணினியின் பெயரும் இடத்திற்கு இடம் மாறும். ஆகவே இத்தகைய நிரல்தொகுதிகளில் மாறக்கூடிய இடங்களில் எக்ஸ் எழுத்துகளாலான இடப்பிடிப்புகளை வைத்தனர். அவற்றிற்குரிய மதிப்புகளைத் தனிப் பட்டியலாகக் கொடுத்தால், ஒரு மேலாண்மை நிரல் அவற்றைப் பொருத்தி அந்தத் தொகுப்பிக்கு ஏற்ற ஆணைமூலத்தை உருவாக்கித் தரும். சோதனைக்குரிய பகுதியைத் தொடக்கூடாது. சூழலுக்குரிய பகுதியை மட்டும் மாற்றலாம். எது மொழியின் குறை, எது அமைவடிவத்தின் குறை என்று பிரித்தறிய இவ்வொழுங்கு உதவியது.

சோதனைகள் தொகுப்பிகளின் பிழைகளை மட்டுமன்றிச் சீர்தரத்தின் மயக்கங்களையும் வெளிக்கொணர்ந்தன. இரண்டு தொகுப்பிகள் வெவ்வேறு விடை தந்து, இரண்டும் வரையறையின் வாசகத்திற்குப் பொருந்துமாயின், திருத்தவேண்டியது வாசகம். கோபோல் 1972 இல் அமெரிக்க அரசின் தகவல்செயலாக்கச் சீர்தரமாகவும் அறிவிக்கப்பட்டது. அரசுக் கொள்முதலில் நான்கு நிலைகள் வரையறுக்கப்பட்டன. பெரிய வாடிக்கையாளரான அரசு சோதனை முடிவைக் கேட்கத் தொடங்கியதும் நிறுவனங்கள் தம் தொகுப்பிகளைத் திருத்திக்கொண்டன. அறிவுரையால் ஆகாதது கொள்முதல் ஆணையால் ஆயிற்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சீர்தரம் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடவில்லை. அடுத்த சீர்தரத்தின் வரைவு 1980களின் தொடக்கத்தில் பொதுமக்கள் கருத்துக்கு வந்தபோது பயனர்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்தது. புதிய ஒதுக்கச் சொற்கள் சேர்க்கப்பட்டதால், அச்சொற்களைத் தரவுப் பெயர்களாக வைத்திருந்த பழைய நிரல்கள் புதிய தொகுப்பியில் தொகுக்கப்படா. அவற்றைத் திருத்தும் செலவு தங்கள் தலையில் விழும் என்று நிறுவனங்கள் முறையிட்டன. பல திருத்தங்களுக்குப் பின் 1985 இல் அச்சீர்தரம் வெளிவந்தது.

விரிவுரைகள்

ஹாப்பர் நாடெங்கும் இடைவிடாது விரிவுரை ஆற்றினார். ஒரு நானோநொடியில் மின்குறிகை செல்லக்கூடிய தொலைவைக் காட்ட ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கேட்போருக்குக் கொடுப்பார். மைக்ரோநொடிக்கு 300 மீட்டர் கம்பிச் சுருளைக் காட்டுவார். செயற்கைக்கோள் வழிச் செய்தி ஏன் தாமதமாகிறது என்று கேட்கும் படைத்தலைவர்களுக்கு இக்கம்பியே விடை. வழக்கத்தைக் கேள்வி கேட்கவேண்டும் என்பதற்காக அவரது அறைச் சுவர்க்கடிகாரம் எதிர்த்திசையில் ஓடியது.

கணினிப் பிழையைப் பூச்சி என்று பொருள்படும் பக் என்ற ஆங்கிலச் சொல்லால் முதலில் குறித்தவர் இவரே என்ற செய்தி தவறானது. எடிசன் காலத்திலேயே பொறியாளர்கள் அச்சொல்லைப் பயன்படுத்தினர். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் உணர்த்தி ஒன்றில் சிக்கிய விட்டில்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டியது உண்மை. அதைக் கண்டெடுத்தவர் ஹாப்பர் அல்லர். கதையைப் பரப்பியவர் அவர்.

ஓய்வும் மறைவும்

1983 இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் இவரைப் பற்றி வெளியான செய்தியைக் கண்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் முயற்சியால் கொமடோர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். அப்பதவி 1985 இல் ரியர் அட்மிரல் (கீழ்நிலை) எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1986 ஆகஸ்ட் 14 அன்று, பாஸ்டன் துறைமுகத்தில் யு.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷன் என்ற பழம்பெரும் பாய்க்கப்பலில் நடந்த விழாவில் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 79. பணியிலிருந்த அதிகாரிகளுள் மிக மூத்தவர். பின்னர் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் ஆலோசகராக இறுதிவரை பணியாற்றினார். 1992 ஜனவரி 1 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

1991 இல் அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும், மறைவுக்குப் பின் 2016 இல் அதிபரின் விடுதலைப் பதக்கமும் அளிக்கப்பட்டன. 1997 இல் யு.எஸ்.எஸ். ஹாப்பர் என்ற போர்க்கப்பல் கடற்படையில் இணைக்கப்பட்டது. யேல் பல்கலைக்கழகம் 2017 இல் தன் உறுப்புக் கல்லூரி ஒன்றிற்கு இவர் பெயரைச் சூட்டியது. இளம் கணினி அறிஞர்களுக்குக் கணிப்பொறிச் சங்கம் வழங்கும் விருது 1971 முதல் இவர் பெயரில் உள்ளது.

கோபோல் நிரல்கள் எதிர்பார்த்ததைவிட நெடுங்காலம் வாழ்ந்தன. ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதிய பழைய நிரல்களை 2000 ஆம் ஆண்டிற்கு முன் திருத்தும் பணி, சென்னை, பெங்களூர் மென்பொருள் நிறுவனங்களில் ஆயிரக்கணக்கானோர் கோபோல் கற்க வழிசெய்தது. கோபோல் சீர்தரம் 2002, 2014, 2023 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. க்னூகோபோல் என்னும் கட்டற்ற தொகுப்பியில் எந்தச் சீர்தரத்தின்படி அல்லது எந்த நிறுவனத்தின் வழக்கப்படி தொகுப்பது என்பதைத் தொகுக்கும்போதே தெரிவு செய்யலாம். கோபோல்-85 சீர்தரத்திற்கென அமெரிக்கத் தேசியச் சீர்தர, தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்ட சரிபார்ப்புத் தொகுதி கடற்படைச் சோதனை நிரல்களின் வழிவந்தது. க்னூகோபோலை உருவாக்குவோர் அதனைத் தம் தொகுப்பியில் இன்றும் இயக்கிப் பார்க்கின்றனர். 9,700 க்கும் மேற்பட்ட சோதனைகளில் அது தேறியுள்ளது.